நாற்பத்தெட்டு நாள் வெறுங்கால்

மார்கழி 1, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். லாரி டயருக்குக் காற்றுப் பிடிக்க அது வேண்டியிருந்தது, கற்றுக்கொண்டேன். இந்த நோட்டில் எழுதுவது என் மருமகள் நித்யகலா. நான் சொல்வதைத் திருத்தி, அச்சில் வருகிற மாதிரி எழுதுகிறாளாம். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் வாயில் வந்தபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை என் மகன் இளவழகன் பழனிக்கு மாலை போட்டுக்கொண்டான். தைப்பூசம் வரை நாற்பத்தெட்டு நாள். தரையில் பாய், இரண்டு வேளைக் குளியல், காலில் செருப்பு கூடாது. மாலை போட்டவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட வேண்டும். கலா கூப்பிடுகிறாள். பெற்ற பிள்ளையை நான் அப்படிக் கூப்பிட மாட்டேன். சாமியையே நான் சாமி என்று கூப்பிட்டதில்லை. நாற்பது வருஷம் மணப்பாறை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவன், கடைக்குள் ஒரு சாமி படம் மாட்டியதில்லை. கருப்புச் சட்டைதான். பெயர் மட்டும் பழனியாண்டி. அது என்னைக் கேட்டு வைத்ததில்லை.

இந்த நேர்த்திக்கடன் அவன் அம்மாவுடையது. ஒன்பது வயதில் அவனுக்கு இடது கால் போகப் பார்த்தது. பிழைத்தது. அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் இது நடக்கிறது. செல்லாயி போய் நாலு வருஷம் ஆயிற்று, அவன் விடவில்லை.

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவன் தொழில். பைக்கின் பின்னால் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். பக்கத்து வட்டாரத்து ஊசிக்காரர் வேலையை விட்டுவிட்டதில் அந்த ஊர்களும் இப்போது இவன் தலையில். தினம் நூற்றைம்பது கிலோமீட்டர், வெறுங்காலில்.

கலா சொன்னாள்: “மாமா, நீங்க கடையில இருந்து பாத்த விபத்தெல்லாம் ஒண்ணு விடாம சொல்லுங்க. எழுதி வைக்கிறேன். அத படிச்சுப் பயந்தாவது அவரு காலுக்கு எதையாவது மாட்டட்டும்.”

அதற்குத்தான் இந்த நோட்டு.

மார்கழி 3, வியாழன்

என் கடைக்கு முன்னால் ரோடு மேற்கே வளையும். வளைவில் மணல் சேரும். நாற்பது வருஷத்தில் பைக்கில் வந்து அங்கே விழுந்தவர்கள் எழுபத்தொரு பேர். முகம் சிலது மறந்திருக்கும். காலில் கிடந்தது எதுவும் மறக்கவில்லை.

ஊதா நிற புல்லட்டில் வந்த ஜவுளிக்காரர், புதுத் தோல் செருப்பு. அது நாற்பதடி தள்ளிப் புளியமரத்தடியில் கிடந்தது. குதிகால் எலும்பை நான் கண்ணால் பார்த்தேன். சுசுகியில் வந்த அண்ணன் தம்பி, இரண்டு பேருக்கும் ரப்பர் செருப்பு. ஓட்டினவனுக்குக் கணுக்கால் திரும்பிவிட்டது, பின்னால் இருந்தவனுக்குச் சுண்டுவிரல் இல்லை. ஒரு போலீஸ்காரர், பூட்ஸ். விழுந்தார், எழுந்தார், என்னையே இரண்டு திட்டுத் திட்டிவிட்டுக் கிளம்பினார்.

விழப்போகிறவன் முதலில் காலைத்தான் ஊன்றுகிறான். வண்டி சாயும்போது காலை ஊன்றாதே என்று யாராலும் சொல்ல முடியாது. அது அவனைக் கேட்காமல் கீழே போகும்.

ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், செருப்பு கிடக்கும். தேடி வருவார்களே என்று கடைக் கூரைமேல் எடுத்துப் போட்டு வைப்பேன். ஒற்றைச் செருப்பைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

கலா இதை ராத்திரி சோற்றுக்கு முன்னால் அவனுக்குப் படித்துக் காட்டினாள். “அப்பா நல்லாச் சொல்றாரு” என்றான். அவ்வளவுதான்.

மார்கழி 6, ஞாயிறு

நானும் கலாவும் பஸ்ஸில் திருச்சி போனோம். பைக் ஓட்டுகிறவர்களுக்கான சாமான் விற்கிற கடை. முதலாளி பெயர் அன்வர், ஐம்பது வயதிருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பார்க்க வேண்டியது அத்தனை இருந்தது.

சட்டை மாதிரி இருக்கிறது, முழங்கையில் தொட்டால் உள்ளே மெத்தென்று ஒரு வில்லை. “இத அமுக்குங்க பெரியவரே” என்றார். விரல் மெதுவாக உள்ளே போனது. “இப்ப குத்துங்க.” குத்தினேன். கல் மாதிரி நின்றது. அடி பலமாக விழுந்தால்தான் இறுகுமாம். நான் பதினைந்து தடவை குத்தினேன். கலா என் தோளைத் தொட்டாள்.

கையுறையில் உள்ளங்கைப் பக்கம் ஏன் வழுவழுப்பான தகடு என்று கேட்டேன். கை தரையில் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகவாம். பிடித்துக்கொண்டால் மணிக்கட்டு உடையும். சரிதான். டயருக்கு என்ன நல்லதோ அது கைக்கு ஆகாது. இத்தனை வருஷம் ரப்பரோடு கிடந்தும் எனக்கு இது தோன்றவில்லை.

பூட்ஸில் ஆறு ரகம் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் குதிகாலையும் முனையையும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்த்தேன். நாலு முறுக்கிக்கொண்டன. அவற்றைத் தள்ளி வைத்தேன். ஒன்றில் நாடா நீளமாகத் தொங்கியது. செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், கடைக்கு அப்படி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அதையும் தள்ளினேன். மிஞ்சியது ஒன்று. கணுக்காலின் இரண்டு பக்கமும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி உள்ளே கெட்டி. கியர் போடுகிற இடது காலுக்கு மேலே தனியாக ஒரு பட்டை. பக்கத்தில் ஜிப், அதன்மேல் ஒட்டிக்கொள்கிற மூடி.

அன்வர் சொன்னார்: “வந்தவுடனே எல்லாரும் கண்ணாடி முன்னாடி நின்னு பாப்பாங்க. முறுக்கிப் பாத்தது நீங்கதான் பெரியவரே. வேலைக்கு வர்றீங்களா?”

“சாமி படம் மாட்டியிருந்தா வர மாட்டேன்.”

“நம்ம கடையில எங்க படம்?” என்று சிரித்தார்.

அளவு கேட்டார். இடுப்பிலிருந்து சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முடிச்சு போட்டிருந்தேன். தூர முடிச்சு வலது கால், கிட்ட முடிச்சு இடது கால். இடது அரை விரற்கடை சின்னது. வலதுக்குப் பார்த்து வாங்கி, இடதுக்கு உள்ளே ஒரு அட்டை வைத்தால் போதும் என்றார்.

வெளியே வந்ததும் கலா கேட்டாள்: “எட்டு வருஷமா நான் அவரு கூட இருக்கேன், எனக்கே தெரியாது. நீங்க எப்ப மாமா அளந்தீங்க?”

கட்டுப் பிரித்த நாளிலிருந்து வருஷம் ஒரு தடவை, அவன் தூங்கும்போது அளப்பேன் என்று சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

அலமாரியில் தேய்ந்த ஒற்றை பூட்ஸ் ஒன்று இருந்தது. அதைப் போட்டிருந்தவர் லாரிக்கு அடியில் சறுக்கிப் போனாராம். அடுத்த வாரம் நடந்து வந்து வேறு ஜோடி வாங்கினாராம். அந்த ஒற்றையை இரவல் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் பையில் போட்டுக் கொடுத்தார்.

மார்கழி 8, செவ்வாய்

ஹெல்மெட் பழசே நன்றாக இருக்கிறது. சட்டை, கையுறை, முழங்கால் கவசம் மூன்றையும் இளவழகன் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டான். பூட்ஸை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கருகே வைத்து மோந்துவிட்டு, கூரைக்கு அடியில் சாமான் போடுகிற அட்டத்தில் ஏற்றி வைத்தான்.

“தைப்பூசம் முடியட்டும் கலா. மொத நாளே போடுறேன்.”

“அதுவரைக்கும் ரோடு சும்மா இருக்குமா சாமி?”

“அம்மா உசுரோட இருந்தா போய்க் கேக்கலாம். செத்தவங்க குடுத்த வாக்க யாரு மாத்துறது? நீ மாத்துவியா? அப்பா மாத்துவாரா? அவருக்கும் சாமிக்கும்தான் பேச்சே கெடையாதே.”

அவன் சிரித்தான். நான் வெளியே போய்த் தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டு வந்தேன்.

காலையில் அவன் கிளம்புவதைப் பார்த்தேன். மேலே சண்டைக்குப் போகிறவன், கீழே கோயிலுக்குப் போகிறவன்.

மார்கழி 9, புதன்

பனி. எதிர்வீடு தெரியவில்லை. அவன் ஆறு மணிக்கே போய்விட்டான்.

மார்கழி 12, சனி

இன்று ஒரு காரியம் செய்தேன். நாலு வழிச் சாலை வந்த பிறகு எங்கள் பழைய ரோடு அரை மைல் சும்மா கிடக்கிறது, என் கடை இருந்த இடம். கலாவிடம் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்து வரச் சொன்னேன். என் ரப்பர் செருப்பு, பக்கத்து வீட்டுக் கேன்வாஸ் ஷூ, சிமெண்ட் ஆலையில் போடுகிற இரும்பு மூக்கு வைத்த ஷூ, அன்வர் கொடுத்த ஒற்றை பூட்ஸ். நாலுக்குள்ளும் காலுக்குப் பதில் ஒவ்வொரு துண்டு வாழைத்தண்டு. கயிற்றில் கட்டி, வண்டிக்குப் பின்னால் பக்கவாட்டில் படுக்கிற மாதிரி இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் இருநூறு தப்படி.

“யாராச்சும் பாத்தா என்ன மாமா நெனைப்பாங்க?”

“பாக்கட்டும். நானும் பாக்கணும்.”

ரப்பர் செருப்பு பத்தடிகூட வரவில்லை. கழன்று போய்விட்டது. தண்டு தனியாக வந்தது, கடைசியில் நார்தான் மிச்சம். கேன்வாஸுக்கு அடிப்பக்கம் தாங்கியது, பக்கத்துத் துணி கிழிந்து தண்டு பாதி தேய்ந்தது. சிமெண்ட் ஆலை ஷூவை நான் பெரிதாக நம்பியிருந்தேன். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஷூ முடிகிற இடத்தில், கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில், தண்டு மளுக்கென்று ஒடிந்திருந்தது. இது எனக்குப் புதுச் செய்தி. விரலைக் காப்பாற்றுகிறது, கணுக்காலைக் கைவிடுகிறது.

பூட்ஸில் கீறல் மட்டும். தண்டை உருவினேன். வெள்ளையாக, முழுசாக, கொஞ்சம் வேர்த்த மாதிரி வந்தது.

பக்கத்துச் சாலையில் டவுன் பஸ் மெதுவாகப் போனது. கண்டக்டர் தலையை நீட்டி, “பெருசு, செருப்ப வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?” என்றான். கலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாலு தண்டையும் வரிசையாகத் தட்டில் வைத்து இளவழகனிடம் காட்டினேன். நார்நாராகப் போனதை மட்டும் கையில் எடுத்தான். “சமைச்சிருக்கலாம்” என்றான்.

மார்கழி 17, வியாழன்

இருட்டுவதற்குள் வந்துவிட்டான். இடது காலில் கட்டு. “மாடு மிதிச்சிருச்சு. அஞ்சு தையல்.” கலா வெந்நீர் வைத்தாள்.

மார்கழி 18, வெள்ளி

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வண்டியைப் போய்ப் பார்த்தேன்.

இடது பக்கக் கண்ணாடியின் தண்டு புதிதாகத் திருகப்பட்டிருக்கிறது. கியர் கம்பி உள்பக்கம் வளைந்திருக்கிறது. கால் வைக்கிற கட்டையின் முனையில் தார். கையுறையில் இடது உள்ளங்கைத் தகடு தேய்ந்திருக்கிறது. சட்டையின் முழங்கையில் கீறல், ஆனால் துணி கிழியவில்லை, வில்லை வேலை செய்திருக்கிறது. நைட்ரஜன் கேனில் சொட்டை இல்லை, வலது பக்கம் கட்டியிருந்தான்.

மாடு மிதித்தால் உள்ளங்கை தேயாது. இடது பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறான். மேலே போட்டிருந்ததெல்லாம் காப்பாற்றிவிட்டது. காப்பாற்ற ஒன்றும் இல்லாத இடத்தில் தையல் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கலா தலையைத் தூக்காமல் எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு நேத்தே தெரியும் மாமா. பேண்ட்ட துவைச்சது யாரு?”

அதே கால். அதே பக்கம். பழைய தழும்புக்கு நாலு விரல் கீழே.

மார்கழி 20, ஞாயிறு

குருசாமி வைரவனைப் பார்க்கப் போனேன். எங்கள் ஊரில் மாலை போட்டுவிடுகிறவர் அவர்தான். மாவு மில் வைத்திருக்கிறார். புருவம் வரைக்கும் மாவு.

“என்ன பழனியாண்டி, வழி தவறி வந்துட்டியா?”

ஒரு சந்தேகம் என்றேன். தோல்தான் ஆகாதா, அல்லது காலுக்கு அடியில் எதுவுமே ஆகாதா? அந்த பூட்ஸில் தோல் கிடையாது, அன்வரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “தோலு, ரப்பரு எல்லாம் நாம பேசிக்கிறது. நேந்தவங்க என்ன சொல்லி நேந்தாங்களோ அதுதான். வெறுங்காலுன்னு நேந்திருந்தா வெறுங்காலுதான்.”

“மாத்தவே முடியாதா?”

“நேந்தவங்களே வந்து, இந்தப் பாரத்த இனிமே நான் சொமக்குறேன்னு சொன்னா, மாலைய அங்கேருந்து எடுத்து இங்க போட்டுரலாம். எங்க அப்பா காலத்துல அப்படி ரெண்டு தடவ செஞ்சிருக்காங்க. ஆனா செல்லாயி எங்கேருந்து வரும்?”

மோர் கொடுத்தார். குடித்தேன். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை, வந்துவிட்டேன்.

மார்கழி 21, திங்கள்

சொல்ல ஒன்றும் இல்லை.

மார்கழி 24, வியாழன்

கட்டுக்கு மேல் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். கூடாது என்று கலா கையைப் பிடித்தாள். பருவத்துக்கு வந்த மாடு அவன் கால் ஆறும் வரை காத்திருக்காது என்றான்.

வளைந்த கியர் கம்பியைத் தட்டி நேராக்கிக் கொடுத்தேன்.

மார்கழி 30, புதன்

போகி. பழசை எரிக்கிறார்கள். கடைக் கூரையில் இருந்த ஒற்றைச் செருப்புகளை நான் ஒரு சாக்கில் கட்டி இத்தனை வருஷம் வைத்திருந்தேன். அவற்றை எடுத்துப் போட்டேன். ரப்பர் எரிகிற நாற்றத்துக்குத் தெருவே திட்டியது.

சாக்கின் அடியில் செருப்பு இல்லாத ஒரு பொருளும் இருந்தது. அது எரியாது. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

என்ன மாமா அது என்று கலா கேட்டாள். இரும்பு என்றேன்.

தை 1, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. அவன் நொண்டிக்கொண்டு மாட்டுக்காரர்கள் வீடு வீடாகப் போய் வந்தான்.

தை 4, ஞாயிறு

இன்று கலாவை எழுத வேண்டாம் என்று சொன்னேன். இளவழகனை உட்காரச் சொன்னேன். அவன் கையெழுத்து கோணலாக இருக்கும் என்று கலா சொல்கிறாள். இருக்கட்டும். நான் சொல்வதை விடாமல் எழுதவேண்டும், நடுவில் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சாக்கில் இருந்த இரும்பை அவன் முன்னால் வைத்திருக்கிறேன். லாரிச் சக்கரத்தில் டயர் வெளியே வராமல் பிடித்துக்கொள்கிற வளையம். லாக் ரிங் என்போம். சரியாக உட்காராமல் காற்றுப் பிடித்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். அதனால் சங்கிலியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் காற்றுப் பிடிக்கவேண்டும். பஞ்சர் கடைக்காரன் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

அன்று சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. வாழைக்காய் லாரி. டிரைவர் அவசரப்படுத்தினார். சங்கிலி கடைக்குப் பின்னால் கிடந்தது, பன்னிரண்டு எட்டு தூரம். நான் போய் எடுக்கவில்லை. இளவழகன் பக்கத்தில் நின்றான், பள்ளிக்கூட விடுமுறை. ஊரில் எல்லோரிடமும் நான் சொன்னது, பையன் விளையாடிக்கொண்டே குறுக்கே வந்துவிட்டான் என்று.

அவன் விளையாடவில்லை. வளையம் லேசாகத் தூக்கியிருந்தது. ‘கால வச்சு அமுத்திக்கடா’ என்று நான்தான் சொன்னேன்.

இங்கே வந்ததும் அவன் எழுதுவதை நிறுத்தினான். பேசக் கூடாது என்று சொல்லியும் பேசினான். அதையும் எழுதச் சொன்னேன். அவன் சொன்னது: “தெரியும்ப்பா. ஒம்பது வயசு மறக்குற வயசா?”

இருபத்தாறு வருஷம். ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாபகம் என்பது எனக்கு மட்டும் இருக்கிற சாமான் என்று நினைத்திருந்தேன்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார். செல்லாயி மயங்கி விழுந்துவிட்டாள். அவள் எதையும் நேர்ந்துகொள்கிற நிலையிலேயே இல்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்து ஒருத்தன் நின்றான். கருப்புச் சட்டை போட்டிருந்தான். ‘இந்தக் காலு பொழச்சா, வருசா வருசம் நாப்பத்தெட்டு நாளு செருப்புத் தொடாம, வெறுங்காலா உன் மலைக்கு வரும்’ என்று சொன்னான்.

அம்மா இல்லை. நான்.

மிச்சத்தை எழுதுவது கலா. இளவழகன் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

தை 5, திங்கள்

அவன் என்னோடு பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வெறுங்கால்.

கலா மட்டும் கேட்டாள்: “ஏன் மாமா அப்பவே சொல்லல?” எந்த அப்போது என்று எனக்குப் புரியவில்லை. நிறைய அப்போதுகள் இருந்தன.

தை 6, செவ்வாய்

சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: எந்த வராந்தா? கிழக்குப் பக்கமா, மேற்கா? சத்தமாகச் சொன்னீர்களா, மனதுக்குள்ளா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? திருச்சிக் கடையில் நான் அன்வரைத் துருவிய மாதிரியே என்னை அவன் விடவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மேற்கு. மனதுக்குள். ஒரு நர்ஸம்மா போனார்கள், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

“இருபத்தாறு வருசமா அம்மா பேரைச் சொல்லி நடந்தேன்ப்பா. அம்மாவுக்குத் தெரியுமா?”

தெரியும். கால் பிழைத்தது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவளிடம் மட்டும் சொன்னேன். மூன்று வாரத்தில் அன்றுதான் சிரித்தாள். ‘நான் நேந்ததா ஊருக்குச் சொல்லிக்கிறேன், விடுங்க. உங்க சட்டை வெளுக்க வேணாம்’ என்றாள்.

இளவழகன் தலை நிமிர்ந்தான். “சட்டை வெளுக்க வேணாம்னா சொன்னுச்சு?”

“ஆமா.”

“அம்மாவா?”

“உங்கம்மாதான்.”

சோறு புரையேறும் வரை சிரித்தான். கலா தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புரையேறினால் அப்படித்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

தை 7, புதன்

மாவு மில்லுக்கு மூன்று பேரும் போனோம். வைரவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “இத்தன நாளு நல்லா ஏமாத்திட்ட பழனியாண்டி” என்றார். அவன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். நாள் குறைவுதான், வயதானவன் என்பதால் பரவாயில்லை, அடுத்த வருஷம் முழுசாக இருக்கவேண்டும் என்றார். அடுத்த வருஷத்துக்கு நான் இருந்தால் இருக்கிறேன் என்றேன்.

சொல்லை வளைக்கவும் பார்த்தேன், மறைக்கவில்லை. ‘மலைக்கு வரும்’ என்றுதானே சொன்னேன், ஊசி போடப் போகும் என்று சொல்லவில்லையே என்று நாலு நாள் யோசித்தேன். அது தேய்ந்த டயருக்குக் கருப்பு மை அடித்து விற்கிற புத்தி. அந்த வேலையை நான் கடையில்கூடச் செய்ததில்லை.

என் ரப்பர் செருப்பை மில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் சின்னச் சின்னக் கல். ரோட்டில் இவ்வளவு கல் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

தை 8, வியாழன்

அட்டத்தில் பூட்ஸ் இல்லை.

தை 10, சனி

பூட்ஸோடு கியர் விழுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, மரக்கட்டையால் போடுகிற மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொண்டான். தப்பு பூட்ஸில் இல்லை. வெறுங்கால் உயரத்துக்குக் கம்பி இருக்கிறது. நட்டைத் தளர்த்தி ஒரு பல் மேலே ஏற்றி முடுக்கினேன். தெருக்கோடி வரை போய் வந்தான். “இப்ப சரியா இருக்கு சாமி” என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். கலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தை 12, திங்கள்

டீக்கடைக்குப் பச்சை வேட்டியோடு போனேன். என்னோடு பழைய நாளில் கருப்புச் சட்டைக் கூட்டத்துக்கெல்லாம் வந்த கலியபெருமாள் பெஞ்சில் இருந்தான். மேலும் கீழும் பார்த்தான்.

“என்னய்யா இது வேசம்?”

“பையனுக்கு பூட்ஸ் வாங்கினேன். அதுக்கு இது.”

“பூட்ஸுக்கு வேட்டி இலவசமா?”

கடையே சிரித்தது. நானும்தான். இதை எப்படிச் சொன்னாலும் யாருக்கும் விளங்காது. உள்ளங்காலில் முள் ஒன்று இருந்தது. கலியபெருமாளே குனிந்து எடுத்துவிட்டான்.

தை 15, வியாழன்

இளவழகன் தானாகவே வந்து சொன்னான். சாணம் மெழுகிய மாதிரி இருந்த ஓடைப் பாலத்தில் வண்டி சறுக்கியதாம், காலை ஊன்றி நிறுத்திவிட்டானாம். விழவில்லை. பூட்ஸைக் கழற்றிக் காட்டினான். கணுக்காலுக்கு வெளிப்பக்கம், அந்தக் கிண்ணத்தின் மேல், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தால் தடவிப் பார்த்தேன். அரை நெல் ஆழம் இருக்கும்.

அட்டை வைத்தது இடது காலுக்கு இன்னும் கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கிறதாம். பழைய டியூபிலிருந்து வேறு ஒன்று வெட்டிக் கொடுத்தேன். கயிறு வேண்டியிருக்கவில்லை. அவனே காலை நீட்டினான்.

தை 19, திங்கள்

நேற்று தைப்பூசம். நானும் கலாவும் ஆயக்குடி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கூட்டத்தோடு நடந்தோம். தார் சுட்டது. ஓரமாக மண்ணில் நடங்கள் என்று கலா சொன்னாள். மண்ணில் நெருஞ்சி. பிறகு தாரிலேயே நடந்தேன். வழியில் என் முன்னால் போன கால்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். வெடித்த கால், மருதாணி வைத்த கால், கட்டுப் போட்ட கால். இத்தனை ஆயிரம் கால் போகிற ரோட்டில் ஒரு செருப்பும் கிடக்கவில்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

இளவழகனுக்குக் காலையில் இரண்டு ஊசி இருந்தது. முடித்துவிட்டு பைக்கில் வந்து அடிவாரத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டான். செருப்பு வைக்கிற இடத்தில் அவன் பூட்ஸைக் கழற்ற ரொம்ப நேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வாங்கி வைக்கிறவர் கையில் எடுத்துப் பார்த்து, “என்னங்க இது, இந்தக் கனம் கனக்குது?” என்றார். கணுக்காலில் இருக்கிற கிண்ணத்தைக் காட்டி, இது எதற்கு, கீறல் எப்படி வந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். அவரும் ஆர்வமாகத்தான் கேட்டார்.

“சாமி, போதும் வாங்க” என்று இளவழகன் என் தோளைப் பிடித்து நகர்த்தினான்.

“பெரியவரே, உங்க செருப்பு?” என்றார் அவர்.

“இல்ல.”

பித்தளை டோக்கன் ஒன்று கொடுத்தார். அதை இளவழகனிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். நானூற்றுப் பதினெட்டு. அது தொலைந்தால் அவன் வெறுங்காலில் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகவேண்டி வரும். இடுப்பில் செருகினால் கூட்டத்தில் விழுந்துவிடும் என்று கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படியேறும்போதெல்லாம் அவன் இடது கால் என் பக்கத்திலேயே வந்தது. தையல் போட்ட இடம் நன்றாக ஆறியிருக்கிறது.

மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம். சன்னிதிக்கு முன்னால் நிற்க விட்டது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

இன்று இதை எழுதும்போது கலா கேட்கிறாள்: “அங்க நீங்க கையெடுத்துக் கும்பிட்டீங்களா மாமா? கூட்டத்துல எனக்குத் தெரியல.”

கை மூடியிருந்தது, உள்ளே டோக்கன் இருந்தது என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொள் என்றேன்.